பட்டறைக் கத்திக்கு நம் கடையில் இடம் கொடுப்போம்

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது பட்டும் அரிசியும். விசைத்தறிச் சேலை போட்டிக்கு வரும்போது, "கைவேலைக்கு மதிப்புக் கொடுங்கள்" என்று நாம் ஊருக்கெல்லாம் சொல்கிறோம். ஆனால் நமது மளிகைக் கடைகளில் புளி வெட்டவும், பார் சோப்பு அறுக்கவும், மூட்டைத் தையல் பிரிக்கவும் கிடக்கும் கத்தி எது? பெரும்பாலும் அட்டையில் வைத்து வரும் மெல்லிய தகட்டுக் கத்திதான். சில மாதங்களில் பிடி கழன்று குப்பைக்குப் போகிறது. நெசவாளிக்காக நாம் கேட்கும் மதிப்பு கொல்லருக்கும் உரியதல்லவா?

பட்டறைக் கத்தி பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிப்பது. பாரம் தாங்கிப் பழகிய எஃகு அது. கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, பதம் பார்த்துத் தோய்த்தால் வாய் கெட்டிப்படும். மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மடக்குக் கத்தியைப் போல ஆணி தளராது, இடுக்கில் அழுக்குச் சேராது. சிறு கத்தியின் விலை ஒரு சிப்பம் அரிசி விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. வாங்கும்போது பிடி ஆடாமல் இருக்கிறதா, பூண் இறுகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரே ஒரு குறை, துருப்பிடிக்கும். புளி வெட்டியதும் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவைக்க வேண்டும்.

"கத்தி விற்றால் வம்பு வருமே" என்று சில வியாபாரிகள் தயங்குகிறார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் வயலுக்கும் தோப்புக்கும் உழைத்துப் பெயர் பெற்றது. இன்று அந்தப் பெயரைச் சொன்னாலே பலருக்கு வெட்டு, குத்துதான் நினைவு வருகிறது. ஆனால் சட்டம் வேலைக் கருவியைப் பிரித்தே பார்க்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருட்களை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. 2016ஆம் ஆண்டின் விதிகள் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேற்பட்ட கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்தாலும், வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவற்றை விலக்கியே வைத்திருக்கின்றன.

2021 செப்டம்பரில் காவல்துறை ரவுடிகள் மீது நடவடிக்கை எடுத்தபோது, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குவோரின் பெயர், முகவரியைப் பதிவு செய்யவும், கேமரா பொருத்தவும் அறிவுறுத்தியது. பதிவு வைப்பது நியாயமே. கடனுக்குக் கொடுக்கும் கால் கிலோ பருப்பையே கணக்கில் எழுதும் நமக்கு அது பாரமல்ல. ஆனால் தனி ஆளாக உலை ஊதும் கொல்லருக்குக் கேமராச் செலவு பெரும் சுமை.

இந்த இடத்தில்தான் வணிகர்கள் கைகொடுக்க முடியும். நம்மில் பலர் கடையில் பில் புத்தகமும் இருக்கிறது, கேமராவும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கடைக்காரரும் அருகிலுள்ள பட்டறையில் ரொக்கம் கொடுத்து ஒரு டஜன் சமையல் கத்தியும், சில தேங்காய் அரிவாளும் வாங்கி வைக்கலாம். பெயர் எழுதிக்கொண்டு விற்கலாம். முகம் தெரியாத சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். கொல்லரிடம் கடன் சொல்லவும் வேண்டாம். அன்றைய கரிக்கும் இரும்புக்கும் அவர் அன்றே பணம் கொடுத்தாக வேண்டும்.