கொல்லையில் கிடைத்த சுருள் கல்



அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 74 வயது அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் நம் முன்னே இருக்கிறது. அவருடைய கணவர் நாற்பது ஆண்டுகளாக நான்கு சாளக்கிராமங்களை ஒரு நாளும் தவறாமல் ஆராதித்து வந்தவர். அவர் திருநாடு எய்திய பின், நியமத்துடன் பூசிக்க வீட்டில் எவரும் இல்லாமையால், அச்சாளக்கிராமங்களை மடத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். "பெட்டி இருந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறது" என்று எழுதுகிறார்.

சென்ற தை மாதம், கொல்லையில் தென்னங்கன்று வைப்பதற்காகக் குழி தோண்டியபோது, இரண்டடி ஆழத்தில் உள்ளங்கை அளவு கல் ஒன்று கிடைத்ததாம். மண்ணைக் கழுவிப் பார்த்தால் ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட வடிவம். சுருள் நெடுக வரிவரியாகக் கோடுகள். "பெருமாளே திரும்பி வந்துவிட்டார்" என்று அதைப் பூசையறையில் எழுந்தருளச் செய்துவிட்டார் அம்மையார். கல்லூரியில் படிக்கும் பேரனோ, "பாட்டி, இது செத்துப்போன கடல் நத்தை, தோட்டத்தில் அழகுக்கு வைக்கலாம்" என்கிறானாம். "நான் செய்வது பிழையா?" என்பது அவருடைய வினா.

பேரன் சொன்னதை முதலில் பார்ப்போம். அவன் சொன்னதில் உண்மை உண்டு. சிறு திருத்தமும் உண்டு. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்த நிலம். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கடல் பலமுறை உள்ளே புகுந்தும் பின்வாங்கியும் படியவிட்ட சேறும் மணலும் சுண்ணாம்பும்தாம் இன்று அங்கே பாறைகளாக இருக்கின்றன. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவதும் அந்தக் கடலே. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் உயிரினத்தின் ஓடுதான் அம்மையார் கண்ட சுருள். அது நத்தை அன்று. கணவாய் மீனுக்கு உறவான உயிர். சுருளின் வாயிலில் உள்ள கடைசி அறையில் அது வசிக்கும். வளர வளரப் புதிய அறை கட்டிக்கொண்டு, பழைய அறைகளை அடைத்து, அவற்றில் நிறைந்த வாயுவின் துணையால் நீரில் மிதக்கும். அந்த அறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடங்களில் மெல்லிய வரிகள் உண்டாகும். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், இவ்வினமும் அடியோடு மறைந்தது.

அவ்வட்டாரத்தில் கடலின் சுவடுகள் ஏராளம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனை உலகிற்கு அறிவித்தார். காரை, குளக்காநத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் மழை பெய்து ஓய்ந்தால் சிப்பிகளும் சுருள்களும் தாமே வெளிப்படும். ஆகவே கொல்லையில் ஒரு சுருள் கிடைத்தது அவ்வூருக்குப் புதுமை அன்று.

இனி, அம்மையாரின் மனம் சொன்னதைப் பார்ப்போம். அதிலும் உண்மை உண்டு. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டு உறைந்த கல்லே. நேபாளத்தில் 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் முக்திநாத் தலம் இருக்கிறது. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமத் திருப்பதி அதுவே என்று அன்பர்கள் யாத்திரை செல்கிறார்கள். அவ்வளவு உயரத்தில் கடல் உயிரின் ஓடு எவ்வாறு வந்தது? இந்திய நிலப்பகுதி வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியபோது, இடையில் இருந்த பெருங்கடலின் தரையே மடிந்து உயர்ந்து இமயமாயிற்று. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடற்சேற்றில் புதைந்த ஓடுகள் கருங்கல்லுக்குள் உறைந்து, மலையோடு மேலே ஏறி, ஆற்றால் அறுக்கப்பட்டு, உருண்டு வழுவழுப்பாகி நம் கைக்கு வருகின்றன. வச்சிரகீடம் என்னும் புழு கல்லைக் குடைந்து சக்கரம் வரைந்தது என்று புராணம் கூறும். ஓர் உயிர் உள்ளே இருந்து அமைத்த சக்கரம் என்பதில் இரு கூற்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதை எண்ணி வியக்கலாம்.

அப்படியானால் கொல்லைக் கல்லும் சாளக்கிராமம்தானா? இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சாளக்கிராமம் என்னும் பெயருக்கு உருவம் மட்டும் போதாது; கண்டகி க்ஷேத்திரத்தில் தோன்றியிருக்க வேண்டும் என்பது மரபு. பிரதிட்டை வேண்டாமலே அதில் பகவான் சாந்நித்தியம் கொள்கிறான் என்பதும், அதற்குத் திருமஞ்சனம், துளசி, நிவேதனம் என்னும் நியமங்களும் அந்த மூர்த்திக்கே உரியவை. நம் ஊர்ச் சுருள் கல்லுக்கு அப்பெயரைச் சூட்டுவது அன்பினால் செய்தாலும் தகாது. அதனை நம்பி வாங்கி ஏமாறுவோரும் இருக்கிறார்கள். சாளக்கிராமத்தை விலை பேசுவதையே பெரியோர் விலக்கினர். அல்லாததை அதுவென்று விற்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மையீர், இதனால் மனம் தளர வேண்டாம். மடத்தில் தாங்கள் சேர்ப்பித்த மூர்த்திகளுக்கு இன்றும் நித்திய ஆராதனம் நடக்கிறது. பூசை நின்றுபோகாமல் இருக்க வேண்டும் என்று கருதித் தாங்கள் செய்தது உங்கள் கணவரின் கைங்கரியத்தைத் தொடரச் செய்த செயல். மாதம் ஒருமுறை அங்கே சென்று சேவித்து வாருங்கள். பேரனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கொல்லையில் கிடைத்த கல்லைத் துளசி மாடத்தின் அருகே, மழையும் சாரலும் படாத நிழலில் வையுங்கள். ஆராதனைக்குரிய மூர்த்தியாக அன்றி, அவன் படைப்பின் அடையாளமாகக் காணுங்கள். காலையில் துளசிக்கு நீர் ஊற்றும்போது கண்ணில் படட்டும். உங்கள் மாவட்டத்துக் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கல் கம்பமாகவே நின்று அருள்கிறார். கல்லைக் கண்டு அவனை நினைப்பது உங்கள் மண்ணுக்குப் பழகிய செயல்தானே.

பாதுகாக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். இத்தகைய கல் உங்கள் பகுதியில் பெரும்பாலும் சுண்ணாம்புத் தன்மை உடையது. பித்தளைப் பாத்திரம் போலப் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்த்தால் நுண்ணிய வரிகள் கரைந்துவிடும். தயிர், பஞ்சாமிருதம் இவற்றால் நாள்தோறும் அபிடேகம் செய்தாலும் அதே கேடு நேரும். எண்ணெய் பூசினால் தூசு ஒட்டிக் கறுக்கும். மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டி, வெறும் நீரில் ஒருமுறை அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். சாயம் பூச வேண்டாம். அகன்ற மண்தட்டில் ஆற்றுமணல் பரப்பி அதன்மேல் வைத்தால் உருளாது, பார்வைக்கும் அழகு.

ஒரு சீட்டில் கிடைத்த நாள், இடம், ஆழம் ஆகியவற்றை எழுதி உடன் வையுங்கள். இடம் தெரியாத கல் ஆராய்வோருக்குப் பயன்படாது. இவ்வேலையைப் பேரனிடம் ஒப்படையுங்கள். எலும்பு போன்றோ, பெரிய உருண்டையாகவோ ஏதேனும் தென்பட்டால் கடப்பாரையால் நெம்பாமல் அப்படியே விட்டு, அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தாருக்குச் சொல்லியனுப்புங்கள்.

மற்ற அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியம்மனையும் தரிசிக்கச் செல்வோர், அருகிலுள்ள கல்மரப் பூங்காவையும் காண்பது வழக்கம். அங்குள்ள மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அவற்றை அசுரனின் எலும்புகள் என்று ஊரார் கதை சொல்வதுண்டு. நினைவுக்காக ஒரு சில்லைக் கூட எடுத்து வராதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். கோயில் தூணைப் பெயர்த்து வர மாட்டோம் அல்லவா? நம் கொல்லையில் தானே வந்தது நம்மிடம் இருக்கட்டும். அங்கே இருப்பது வருங்காலத்தாருக்கும் அங்கேயே இருக்கட்டும்.

அம்மையீர், அந்தத் தென்னங்கன்று நன்கு வேர் பிடிக்கட்டும். அதன் முதற்காயை மடத்துப் பெருமாளுக்குச் சமர்ப்பித்துவிட்டு எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.