கண்ணைப் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கட்டடத்தைக் காட்டாதீர்கள்

 

உயர்தரப் பெறுபேறு வந்தால் போதும், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மண்டபங்கள் நிரம்பிவிடுகின்றன. "இலவசக் கல்வி வழிகாட்டல் கருத்தரங்கு" என்று பதாகை, வாசலில் ஜூஸ், கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், பளபளப்பான பிரசுரம். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோன உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் அவர்களின் வாப்பா, உம்மாமாரும்தான் இவர்களுடைய சந்தை. அந்தச் சந்தைக்கு இப்போது வந்திருக்கிற புதுச் சரக்கு ஒப்டோமெட்ரி.

"கண் டொக்டர் மாதிரித்தான்" என்கிறார்கள். இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

ஒப்டோமெட்ரிஸ்ட் என்பவர் கண் டொக்டர் அல்லர். சத்திரசிகிச்சை செய்ய மாட்டார். பார்வையை அளப்பார், சரியான வில்லையைத் தீர்மானிப்பார், கொன்டக்ட் லென்ஸ் பொருத்துவார், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார், கண்ணுக்குள் நோயின் அடையாளம் தெரிந்தால் உரிய நேரத்தில் கண் வைத்திய நிபுணரிடம் அனுப்புவார். இது தன்னளவில் பெரிய தொழில். அதற்கு டொக்டர் என்ற பொய் முலாம் தேவையில்லை. முலாம் பூசி விற்பவன், உள்ளே இருப்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல விரும்பாதவன்.

இந்தத் தொழில் எங்கள் மண்ணுக்குத் தேவையில்லை என்று யாரும் எங்களிடம் சொல்ல வேண்டாம். வகுப்பில் நிற்பவர்கள் நாங்கள். கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிற பிள்ளையை "களவு" என்று அடித்த காலம் எத்தனை பாடசாலைகளில் இருந்தது! அந்தப் பிள்ளைக்குப் பலகை தெரியவில்லை. அவ்வளவுதான். பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கிறது. தரம் 1இல் தப்பிய பிள்ளைக்கு அடுத்த முறை தரம் 4. ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் பிள்ளைக்கே அது தெரியாது. மற்றக் கண்ணால் சமாளித்துக்கொள்ளும். மூளை மங்கலான கண்ணைக் கைவிட்டுவிடும். சோம்பேறிக் கண் என்கிறார்களே, அதுதான். ஏழெட்டு வயதுக்குள் பிடித்தால் பெரும்பாலும் மீட்கலாம். பிந்தினால் கஷ்டம்.

ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ நாச்சிக்குடாவிலோ அதைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? கண்ணாடிக் கடைக்காரர்கள் வேன் கொண்டுவந்து நடத்துகிற "இலவச முகாம்" இருக்கிறது. பரிசோதனை இலவசம், கண்ணாடி காசு. மெசினில் முகத்தை வை, துண்டு வரும், துண்டில் உள்ள இலக்கத்துக்குக் கண்ணாடி. சின்னப் பிள்ளை மெசினுக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்கினால், இல்லாத கிட்டப்பார்வையையும் அந்த மெசின் காட்டும். அதனால்தான் படித்தவர்கள் தேவை ஏற்படும்போது சொட்டு மருந்து விட்டு, ரெட்டினோஸ்கோப் என்ற சின்ன விளக்கைக் கையில் பிடித்து, கண்ணுக்குள் இருந்து திரும்பி வருகிற ஒளியின் அசைவைப் பார்த்துக் கணக்கை உறுதிப்படுத்துவார்கள். அந்தக் கை பழகுவதற்கு நூற்றுக்கணக்கான கண்கள் வேண்டும். பிரசுரம் படித்து அது வராது.

இங்கேதான் கல்லூரியைத் தெரிவு செய்கிற கேள்வி வருகிறது.

நாங்கள் கல்வியியற் கல்லூரியில் படித்தவர்கள். இரண்டு வருடம் உள்ளே, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. எங்களை ஆசிரியராக்கியது எது என்று எங்கள் தொகுதியில் யாரைக் கேட்டாலும் அந்த மூன்றாம் வருடத்தைத்தான் சொல்வார்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று நா வறண்ட அனுபவத்தை எந்த விரிவுரை மண்டபமும் தராது. கண்ணைப் படிக்கிற பிள்ளைக்கும் அதே சட்டம்தான். ஆகவே எந்தக் கல்லூரி என்று கேட்கிறவர்களுக்கு எங்களிடம் இருப்பது ஒரே அளவுகோல்: படிப்பு முடிவதற்குள் உங்கள் பிள்ளை தன் கையால் எத்தனை நோயாளிகளின் கண்ணைப் பார்ப்பாள், யாருடைய மேற்பார்வையில் பார்ப்பாள்? மற்ற எல்லாம் இதற்குப் பிறகு.

நல்ல பெயர் எடுத்த கல்லூரிகளைப் பாருங்கள். சென்னையில் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை 1978இல் தொடங்கியது. அதன் எலீட் ஒப்டோமெட்ரி கல்லூரி 1985இல் வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டொக்டர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களுடன் தொடங்கினார். பணம் கட்ட முடியாத ஏழைகளின் கண் அங்கே இலவசமாகவும் குறைந்த செலவிலும் பார்க்கப்படுகிறது. அங்கேயும் ஒப்டோமெட்ரி படிப்பிக்கிறார்கள். ஹைதராபாத்தில், 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' படங்களை இயக்கிய எல்.வி. பிரசாத்தின் பெயரில் 1987இல் எழுந்த கண் நிறுவனத்துக்கும் சொந்த ஒப்டோமெட்ரி கல்லூரி இருக்கிறது. கிராமங்கள் தோறும் பார்வை நிலையங்களும் இருக்கின்றன. மூன்றிலும் முதலில் வந்தது நோயாளி. கல்லூரி பிறகுதான் வந்தது. விடிந்தால் வாசலில் வரிசை நிற்கிறது. மாணவன் பார்ப்பதற்குக் கண் இருக்கிறது.

இப்போது மண்டபத்தில் காட்டிய கல்லூரியைப் பாருங்கள். மாடிக் கட்டடம், லிஃப்ட், குளிரூட்டிய வகுப்பறை, பட்டமளிப்புத் தொப்பி. நோயாளி எங்கே? "ஒரு வைத்தியசாலையுடன் ஒப்பந்தம் இருக்கிறது" என்பார்கள். ஒப்பந்தம் என்றால் வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். பேச்சு அடங்கிவிடும்.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி அப்படி ஒரு நிறுவனத்தில் சேர்ந்து படித்தாள். அவள் அதிகம் பரிசோதித்த கண்கள் அவளுடைய வகுப்புத் தோழிகளின் கண்கள். எல்லாம் இருபது வயதுக் கண்கள், நோயில்லாத கண்கள். கிளோக்கோமா வந்த கண்ணையோ, நீரிழிவால் விழித்திரையில் இரத்தம் கசிந்த கண்ணையோ அவள் படத்தில்தான் பார்த்தாள். படித்து முடித்து வேலைக்குப் போன இடத்தில் பிரேம் விற்கச் சொன்னார்கள். விற்கிறாள். படிப்புக்காக ஈடு வைத்த நகை இன்னும் மீளவில்லை.

"பிரேம் விற்றால் என்ன, சம்பளம் வருகிறதுதானே" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கிளோக்கோமா உள்ளவருக்கு அட்டையில் கடைசி வரி வரைக்கும் தெளிவாகத் தெரியலாம். நோய் ஓரப் பார்வையை மெல்லத் தின்றுகொண்டிருக்கும். கண்ணாடி மாற்ற வந்த அந்த மனிதரின் கண் நரம்பைப் பார்த்துச் சந்தேகப்படத் தெரிந்தவள் அவருடைய பார்வையைக் காப்பாற்றுவாள். தெரியாதவள் நல்ல பிரேம் ஒன்றைப் போட்டு அனுப்புவாள். அந்த மனிதர் உங்கள் மூத்தாப்பாவாகவும் இருக்கலாம்.

ஆகவே, கையெழுத்து வைக்க முன் இவற்றைக் கேளுங்கள். வாயால் சொல்லும் பதில் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

1. நோயாளி. நாங்கள் மேலே சொன்ன கேள்வி. கடைசி வருட மாணவர் இருவருடன் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழும்பி வாருங்கள்.

2. காலம். இந்தியாவில் முறையான பட்டப்படிப்பு நான்கு வருடம். அதில் ஒரு வருடம் முழுக்கக் கட்டுறுப் பயிற்சி. இந்தத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் அங்கே தனிச் சட்டமும் வந்தது. அந்த நான்கு வருடத்தை இங்கே ஒன்றரை வருடத்தில் தருகிறோம் என்பவர் எதை வெட்டினார் என்று கேளுங்கள். வெட்டியது பெரும்பாலும் அந்தக் கட்டுறுப் பயிற்சியாகத்தான் இருக்கும்.

3. அங்கீகாரம். "வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது" என்ற வசனத்துக்கு மயங்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்தக் கடதாசியுடன் இலங்கையில் எந்தப் பெயரில், எங்கே வேலை செய்யலாம் என்பது வேறு கேள்வி. டிப்ளோமா என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். "லண்டனில் வேலை" என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். பிரித்தானியாவில் ஒப்டோமெட்ரிஸ்டாக வேலை செய்ய அங்குள்ள ஒழுங்குபடுத்தும் சபையில் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தைக் காட்டியவுடன் அவர்கள் பதிவதில்லை.

4. காசு. கட்டணம் எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது? 2022 தொடக்கத்தில் 200 ரூபாவுக்கு இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஆனதை மறந்துவிட்டோமா? முதல் வருடத்தில் கையெழுத்து வைத்த தொகை வேறு, மூன்றாம் வருடத்தில் கட்ட வேண்டிய தொகை வேறு. "இலகு தவணை" என்று நீட்டுகிற படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். அதற்குள் வட்டி இருக்கிறது. வட்டி எங்களுக்கு என்ன என்று மிம்பரில் கேட்டவர்கள்தானே நாங்கள்.

5. பிள்ளை. ஒப்டோமெட்ரியில் பாதி பௌதிகவியல். ஒளி, வில்லை, முறிவு. உயிரியல் படித்தோம், பௌதிகவியலில் எப்படியோ கரைசேர்ந்தோம் என்கிற பிள்ளைக்கு முதல் வருடமே மூச்சு முட்டும். பிள்ளையிடம் கேட்டீர்களா?

சில வாதங்கள் வரும் என்று தெரியும். பதிலும் சொல்லிவிடுகிறோம்.

"அப்படியானால் எல்லாரையும் சென்னைக்கு அனுப்பச் சொல்கிறீர்களா?" இல்லை. சென்னை என்ற பெயரிலும் நோயாளியில்லாத கல்லூரிகளை விற்கிறார்கள். கொழும்பில் உண்மையான மேற்பார்வையுடன் நோயாளிகளைப் பார்க்க விடுகிற இடம் ஒன்று கிடைத்தால் அது அவற்றை விட மேல். ஊர்ப் பெயர் அளவுகோல் அல்ல. முகவர் ஒருபோதும் சொல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் அரசாங்கம் கண் தொழில்நுட்பவியலாளர்களைப் பயிற்றுவிக்கிறது. அதற்கான ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும். எப்போதாவதுதான் வரும். ஆனால் வரும். அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முகவருக்கு அதில் கொமிஷன் இல்லை, அதனால்தான் வாய் திறப்பதில்லை.

"பொம்புளப் பிள்ளைய எப்படி அவ்வளவு தூரம் அனுப்புவது?" கவலை நியாயம்தான். விடுதி யார் பொறுப்பு, எங்கள் பிள்ளைகள் யாராவது அங்கே படிக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒரு கல்லூரி நல்ல கல்லூரி ஆகிவிடாது. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் அனுப்புகிறோம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. எங்கள் பெண் பிள்ளைகள் தூர மாவட்ட விடுதிகளில் இருந்து தாதியராக, ஆசிரியைகளாக வந்திருக்கிறார்கள். கண் காட்ட வருகிற எங்கள் உம்மாமாரில் எத்தனை பேர் இருட்டறையில் ஆணின் முன் உட்காரக் கூசி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். பெண் ஒப்டோமெட்ரிஸ்ட் வேண்டும் என்று கேட்பதும் நாங்கள்தான், அனுப்ப மாட்டோம் என்பதும் நாங்கள்தான்.

"வசதி இல்லையே." அப்படியென்றால் பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு கேள்வி. வருடா வருடம் ஸகாத் நிதியில் தையல் மெசின் கொடுக்கிறோம். எத்தனை மெசின்கள் மூலையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன? உலமாக்களிடம் கேட்டு, தகுதியான ஏழைப் பிள்ளை ஒருத்தியை நான்கு வருடம் படிப்பிக்கலாம். திரும்பி வந்து சில வருடம் எங்கள் பகுதியில் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு இணக்கம் எழுதிக்கொள்ளலாம்.

1990 ஒக்டோபரில் விட்டுவிட்டுப் போன காணி. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து, திரும்பி வந்து, காடு வெட்டி மீட்ட காணி. எங்கள் தமிழ் அயலவர்கள் 2009க்குப் பிறகு முகாமிலிருந்து வந்து கண்ணிவெடி அகற்றும் வரை காத்திருந்து மீட்ட காணி. இந்தக் காணிகளின் உறுதிகள்தான் இன்று அந்த மண்டபங்களின் மேசையில் வைக்கப்படுகின்றன. பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடு வைப்பது தவறு என்று சொல்ல மாட்டோம். ஒரு லிஃப்டையும் ஒரு தொப்பியையும் பார்த்து வைக்காதீர்கள் என்கிறோம்.

அடுத்த கருத்தரங்குக்குப் போகிறவர்கள் ஜூஸைக் குடியுங்கள், பிரசுரத்தை வாங்குங்கள். பிறகு எழுந்து நின்று முதல் கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை கண்? யார் மேற்பார்வை? பதிலைக் கீழே கருத்தில் எழுதுங்கள், மற்றப் பெற்றோரும் பார்க்கட்டும். பயனுள்ளது என்று நினைத்தால் பகிருங்கள்.