அனுபவம் சோறு போடுமா?

பெற்றோர்களே! தோட்டத்தை விட்டு வந்து, லாரி ஓட்டி, ஃபேக்டரியில் ஷிப்டு வேலை பார்த்துப் பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பினீர்கள். போதாததற்கு பி.டி.பி.டி.என். கடன் வேறு. கடைசி ஆண்டில் 'லத்திஹான் இண்டஸ்ட்ரி' கடிதத்தோடு மகள் கோலாலம்பூர் போகிறாள். அறை வாடகை யார் கட்டுவது? எல்.ஆர்.டி. காசு? மதியச் சாப்பாடு? மறுபடியும் நீங்கள்தான்!

"அனுபவம் கொடுக்கிறோமே" என்பான் முதலாளி. சம்பளம் வாங்கும் ஊழியர் செய்யும் வேலையைத்தானே அவளும் செய்கிறாள்?

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆனால் பல்கலைக்கழகம் அனுப்பும் பயிற்சி மாணவர் வேலை ஒப்பந்தத்தில் வருவதில்லை. அதனால் அது அவருக்குக் கிடையாது. வழக்கறிஞனாகச் சொல்கிறேன், இது சட்டமீறல் அல்ல, சட்டத்தின் ஓட்டை! மாதம் குறைந்தது 500 ரிங்கிட் கொடுக்கும் கம்பெனிகளுக்கு 2012-இல் அரசாங்கம் இரட்டிப்பு வரிக்கழிவு கொண்டுவந்தது. கொடுத்தால் சலுகை, கொடுக்காதவனுக்கு ஒன்றுமில்லை. நல்ல வேடிக்கை!

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சம்பளம் இல்லாமலே பெரிய கம்பெனிக்குப் போய்விடும். நம் பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் ஒதுங்கும். பிறகு நேர்முகத்தேர்வில் "அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள். ஓராங் அஸ்லி மாணவர் நிலை இன்னும் மோசம். குவா மூசாங் உட்புறக் கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்குத் தலைநகரில் தங்கச் சொந்தக்காரர் வீடுகூட இருக்காது. அவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறோம்.

கையெழுத்துக்கு முன் கடிதத்தில் அலவன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். எழுதவில்லையா? பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தீபாவளி விருந்துக்கு வருவார். முறுக்கு தட்டை நீட்டும்போதே கேளுங்கள்: சட்டத்தை எப்போது திருத்துவீர்கள்?