ஊசித் துளை



இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில் நீர்மூழ்கிக் கப்பல்களின் மாதிரிகளைத் தம் கையாலேயே செய்து, வானொலி அலைகளால் குளங்களில் இயக்கி மகிழ்வோர் பலர் உளர். அவர்தம் வேலைத்திறனுக்குப் பெருஞ்சோதனையாவன டார்ப்பீடோக் குழாய்களின் கதவுகள். மூடியிருக்கையில் கதவு கப்பலின் மேனியோடு ஒன்றியிருத்தல் வேண்டும். நீர்புகாப் பெட்டிக்குள் இருக்கும் சிறு மோட்டார், ரப்பர் வளையத்தினூடே வெளிவரும் கம்பியைத் தள்ள, கதவு கீலில் திரும்பித் திறத்தல் வேண்டும். அது திறந்த பின்னரே டார்ப்பீடோ விடுபடலாம். ஆகவே கம்பியின் முதற்பாதி ஓட்டம் கதவைத் திறக்கவும், மறுபாதி டார்ப்பீடோவை விடுவிக்கவும் அமைப்போர் உண்டு. முறை தவறாதிருக்க, ஒழுங்கை இயந்திரத்திலேயே பதித்துவிடுகின்றனர்.

மாதிரியில் பிழை நேரின் குளத்தில் ஒரு பொம்மை மூழ்கும், அவ்வளவே. மெய்யான கப்பலிலோ குழாய் ஒவ்வொன்றுக்கும் இரு கதவுகள். ஒன்று கடலை நோக்கியது. மற்றொன்று மாலுமிகள் நிற்கும் அறையை நோக்கியது. இரண்டும் ஒருசேரத் திறந்தால் கடலே உள்ளே வந்துவிடும். அவ்வாறு ஒருமுறை நேர்ந்தது.

1939ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பிரிட்டிஷ் கடற்படைக்கெனப் புதிதாய்க் கட்டப்பட்ட 'தெட்டிஸ்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல், லிவர்ப்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டம் விடப்பட்டது. கப்பலில் இருந்தோர் 103 பேர். எடை குறைந்திருந்தமையால் அது எளிதில் மூழ்கவில்லை. முகப்புக் குழாய்களில் நீர் உள்ளதா என அறிய விரும்பினர். அதற்கென உட்கதவில் ஒரு சிறு திருகும் நுண்துளையும் உண்டு; குழாயில் நீரிருந்தால் துளைவழியே பீச்சும். ஐந்தாம் குழாயின் திருகைத் திறந்தனர். நீர் வரவில்லை. குழாய் வெறுமையே எனத் துணிந்து உட்கதவைத் திறந்தனர். வெளிக்கதவோ திறந்தே கிடந்தது! கடல் பாய்ந்தது, முன்னறைகள் இரண்டு நிரம்பின, கப்பலின் முகப்பு கடலடியில் குத்திற்று. உயிர் தப்பியோர் நால்வர். நச்சுக்காற்றில் மூச்சுத் திணறியும் நீரில் மூழ்கியும் மாண்டோர் 99 பேர்.

பின்னர் ஆராய்ந்தபோது அந்நுண்துளை எனாமல் பூச்சினால் அடைபட்டிருந்தமை தெரியவந்தது. அடைப்பை நீக்கவென்றே ஊசி போன்ற ஒரு கருவியும் வைக்கப்பட்டிருந்தது; அன்று அதனை எவரும் கையாளவில்லை.

அன்பர்களே, துளைவழி நீர் வராமை, நீர் இல்லை என்பதற்குச் சான்றாகாது. துளையே அடைபட்டிருக்கலாம். "பாவசங்கீர்த்தனத்திற்கு வந்து நாளாயிற்றே?" என நாம் வினவும்போது, "மனத்தில் உறுத்தல் ஒன்றுமில்லை, சாமி" என்று விடைபகர்வோர் உளர். உறுத்தல் இல்லாமை தூய்மையின் அடையாளமா, அடைபட்ட மனச்சான்றின் அடையாளமா? அவ்வெனாமல் தீமை செய்யவெனப் பூசப்பட்டதன்று. இரும்பைக் காக்கவே பூசப்பட்டது. அதுபோன்றே நம் நற்பெயரும், திருவிழாக் காணிக்கையும், சங்கப் பொறுப்புகளும் தம்மளவில் நல்லனவே. ஆயினும் அவையே படிந்து மனச்சான்றின் வாயை அடைத்துவிடுதல் கூடும். பலிபீடத்தில் நிற்கும் நாமும் இதற்கு விலக்கல்லோம்; நாள்தோறும் பிறருக்குப் போதிப்பதே எம்மீது படியும் பூச்சாகலாம்.

இல்லங்களிலும் இவ்வாறே. கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிப் பேச்சைக் குறைத்துக்கொண்ட மகளைக் கண்டு, "அவளுக்கு ஒரு குறையுமில்லை" எனத் தந்தை அமைதி கொள்கிறார். மனைவி முறையிடாமையால் தம் குடிப்பழக்கம் பொறுத்துக்கொள்ளப்பட்டது எனக் கணவர் எண்ணுகிறார். கதவுக்கு அப்பால் கடல் நிற்பதை அவர்கள் அறியார்.

அவ்விபத்துக்குப் பின் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல்களின் உட்கதவில் ஒரு கொண்டி பொருத்தப்பட்டது. கதவு முதலில் இம்மியளவே திறக்கும். நீர் கசிந்தால் உடனே மூடிவிடலாம். 99 உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

நமக்கோ ஊசி கையிலேயே உள்ளது. இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின், விளக்கணைக்குமுன் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை செய்வோம். "என்னால் இவ்வீட்டில் யார் மனம் நொந்தது?" என உள்ளத்தைக் கேட்போம். உள்ளம் மௌனம் சாதித்தால் அதனை நம்பிவிடாமல், அருகிருப்பவரையே கேட்போம். வரும் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உங்களுக்காகக் காத்திருப்போம். அதற்குமுன் நாமும் வேறொரு குருவிடம் சென்று முழந்தாளிட்டு வருவோம்.