மின்னூர்தி: நமக்கும் சேர்த்துத்தானே?

மின்னூர்தி என்றதும் நம்மவர் பலருடைய வாயில் வரும் முதற்சொல், "அது பணக்காரன் விளையாட்டு" என்பதுதான். ஆசிரியர் அறையிலும் இதைக் கேட்கிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலும் கேட்கிறேன். இச்சொல்லில் பாதி உண்மை. மீதிப் பாதி சோம்பல்!

உண்மையை முதலில் பார்ப்போம்.

2022 முதல் 2025 இறுதி வரை, முழுமையாகக் கட்டப்பட்டு இறக்குமதியாகும் மின்மகிழுந்துகளுக்கு இறக்குமதி வரி இல்லை, கலால் வரி இல்லை. அதே 2025 இறுதி வரை சாலை வரியும் இல்லை. ஆனால் இறக்குமதியாகும் மின்மகிழுந்தை ஒரு இலட்சம் வெள்ளிக்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு விதியும் உடன் இருந்தது. உள்நாட்டு நிறுவனங்களைக் காக்கத்தான் அந்த விதி, புரிகிறது. ஆயினும் விளைவு என்ன? மலிவான வண்டிக்குக் கதவு சாத்தப்பட்டது. விலையுயர்ந்த வண்டிக்கு வரியும் நீக்கப்பட்டது. 2023இல் டெஸ்லாவின் 'மாடல் ஒய்' இங்கே 199,000 வெள்ளிக்கு வந்தது. அதை வாங்கக் கூடியவருக்கு அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்தது. மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றி வரும் தகப்பனுக்கு?

அவருக்கும் ஒன்று அறிவித்தார்கள். ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்கு மேற்போகாதவர் மின்மோட்டார் சைக்கிள் வாங்கினால் 2,400 வெள்ளி தள்ளுபடி என்று 2024 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. நல்ல திட்டம். நம் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது? நாட்டில் பதிவான ஊர்திகளில் ஏறக்குறையப் பாதி மோட்டார் சைக்கிள்களே. அப்படியிருக்க, செய்தித்தாளில் முழுப்பக்கம் மகிழுந்துக்கு. மோட்டார் சைக்கிளுக்கு ஓரத்தில் நான்கு வரி!

மின்னேற்றும் வசதிக்கு வருவோம். 2025க்குள் 10,000 மின்னேற்று முனைகள் என்று அரசு இலக்கு வைத்தது. 2024 முடிவில் எண்ணிக்கை நாலாயிரத்தைக்கூட எட்டவில்லை. இருப்பவையும் எங்கே இருக்கின்றன? பேரங்காடிகளில், தங்குவிடுதிகளில், நெடுஞ்சாலை ஓய்விடங்களில். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்கள் வாழும் மலிவு விலை அடுக்குமாடிகளை நினைத்துப் பாருங்கள். நான்காம் மாடியில் வீடு. கீழே திறந்தவெளியில் வண்டி. மின்கம்பியை எங்கிருந்து இழுப்பது? சொந்த வாசலும் சொந்தக் கூரையும் உள்ளவனுக்கே இன்றைய மின்னூர்தி. இதைச் சொல்லாமல் "நாடு முழுவதும்" என்று பேசுவது எனக்கு உவப்பாக இல்லை.

இந்த மாநிலத்துக்கு இது புதிய கதையும் அன்று. 1877இல் கோலகங்சாரில் ஹக் லோ நட்ட இரப்பர்க் கன்றுகளிலிருந்துதான் இந்தப் பயிர் இங்கே வேர்பிடித்தது. அவற்றுள் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது; மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுங்கள். 1908இல் ஃபோர்டு மலிவான மகிழுந்தை விற்கத் தொடங்கினான். உலகுக்கு உருளிப்பட்டை வேண்டியிருந்தது. அந்த உருளிப்பட்டைக்கான பாலை இருட்டில் எழுந்து போய் வெட்டி எடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டியர். உலகம் மகிழுந்தில் ஏறியது. அவர்கள் வாளியைச் சுமந்து நடந்தார்கள். 1930இல் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போயிற்று. லயத்து வீடுகளிலோ மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு பல தோட்டங்களில் மின்னாக்கி வந்தது. அதுவும் இரவில் சில மணி நேரம் மட்டுமே. ஒவ்வொரு மாற்றத்திலும் உழைப்பு நம்முடையது, பயன் பிறருக்கு. மூன்றாம் முறையும் அப்படியே நடக்கப் போகிறதா என்பதுதான் என் கேள்வி.

இனி, சோம்பலைப் பற்றி.

"மின்சாரமும் நிலக்கரியில்தானே வருகிறது? மஞ்சோங்கில் போய்ப் பார்" என்கிறார் ஒரு நண்பர். போய்ப் பார்க்கத் தேவையில்லை, மறுக்கவும் இல்லை. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில்தான் வருகிறது. ஆனால் பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மின்பொறியோ தனக்குக் கிடைப்பதில் பெரும்பகுதியை ஓட்டமாக மாற்றுகிறது. நாளை சூரியத் தகடுகள் கூடக்கூட, இன்று வாங்கிய மின்வண்டி தானாகவே தூய்மையாகிக்கொண்டு வரும். பெட்ரோல் வண்டி பழையதாக ஆக மேலும் புகை கக்கும். இவை இரண்டும் ஒன்றா?

"பெட்ரோல்தான் மலிவாயிற்றே" என்பது அடுத்தது. 2025 செப்டம்பர் 30இல் புடி 95 திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளி. சரி, அந்த விலையிலேயே கணக்குப் போடுவோம். ஐந்தாம் ஆண்டு மாணவனே போடக்கூடிய கணக்கு. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் ஒரு கப்சாய், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் 24 லிட்டர்; ஏறத்தாழ 48 வெள்ளி. மின்மோட்டார் சைக்கிள் நூறு கிலோமீட்டருக்கு 4 அலகு தின்றாலும் 48 அலகு. அலகு 45 காசு என்றால் 22 வெள்ளிக்கும் குறைவு. எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை. சேமிப்பு சிறிது; மலையளவு என்று நான் பொய் சொல்லமாட்டேன். வண்டியின் விலையோ பெரும்பாலும் கப்சாயைவிடக் கூடுதல். அதனால்தான் தள்ளுபடி மகிழுந்துக்கு முன்பாக மோட்டார் சைக்கிளுக்கு வேண்டும் என்கிறேன். மலிவான பெட்ரோல் விலை அரசின் கையில் உள்ளது, நம் கையில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2024 சூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் லிட்டர் 3.35 வெள்ளி ஆனதை வேன் ஓட்டுநர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வேன் என்றதும் பள்ளி வாசல் நினைவுக்கு வருகிறது. தோட்டங்கள் கலைந்தபின் நம் பிள்ளைகள் பள்ளியின் அருகில் இல்லை. தொலைவிலுள்ள தாமான்களிலிருந்து வேனிலும் பேருந்திலும் வருகிறார்கள். காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். பொறியை அணைக்காமல் வரிசையாக நிற்கும் பழைய டீசல் வண்டிகள். அவற்றின் புகைக்குழாயின் உயரமும் முதலாம் ஆண்டுக் குழந்தையின் மூக்கின் உயரமும் அவ்வளவு வேறுபட்டவை அல்ல. பள்ளி வேன் காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை ஓடுகிறது. தடம் தெரிந்தது, தொலைவு தெரிந்தது, நடுவில் மணிக்கணக்கில் சும்மா நிற்கிறது. மின்னூர்திக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறெது? சென்னையில் 2025 சூன் 30 அன்று 120 மின்பேருந்துகளை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓடவிட்டது. அங்கே ஏழைகள் ஏறும் பேருந்திலிருந்து தொடங்க முடிகிறது. பேராக்கின் 134 தமிழ்ப்பள்ளிகளுக்கு வரும் வேன்களில் சிலவற்றையாவது மாற்ற, குறைந்த வட்டிக் கடன் கேட்டால் கொடுக்கமாட்டார்களா? கேட்டதுண்டா நாம்?

இன்னொன்று. என்னை உறங்கவிடாதது இதுதான். தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் நிறுவனம் 2025 செப்டம்பரில் மின்னூர்தி ஆலையைத் திறந்தது. சீனத்தின் பிஓய்டி நிறுவனமும் அதே வட்டாரத்தில், கேஎல்கே தொழிற்பூங்காவில் ஊர்தி பொருத்தும் ஆலை அமைக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கேஎல்கே யார்? ஈப்போவைப் பதிவு அலுவலகமாகக் கொண்ட தோட்ட நிறுவனம். இரப்பரும் செம்பனையும் வளர்த்த நிறுவனத்தின் நிலத்தில் மின்னூர்தி! அந்த வாயிலுக்குள் நம் பிள்ளைகள் என்னவாக நுழைவார்கள்? மின்னணுவியல் படித்த தொழில்நுட்பராகவா, குப்பை கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளியாகவா? ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளையின் பெற்றோரிடம் திவெட் தொழிற்கல்வியைப் பற்றிப் பேசினால், "படிப்பு வராதவனுக்குத்தானே அது, டீச்சர்?" என்கிறார்கள். இந்த எண்ணத்தை நாம்தான் உடைக்க வேண்டும்.

தோட்டத்திலிருந்து வெளியேறி, கடன் வாங்கி, மோட்டார் பட்டறை வைத்துப் பிழைக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் மாற்றுவதும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டுவதும்தான் அவர்களின் வருமானம். மின்வண்டியில் அவ்வேலைகள் இல்லை. உயர் மின்னழுத்த மின்கலத்தைப் பயிற்சியின்றித் தொடவும் கூடாது. இவர்களுக்கு மாலைநேரப் பயிற்சி, அதுவும் அவர்களுக்குப் புரியும் மொழியில், எங்கே நடக்கிறது? மின்னூர்தியைப் போற்றிப் பேசும் தலைவர்கள் இதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

ஆகவே, "பணக்காரன் விளையாட்டு" என்று ஒதுங்குவது பணக்காரனுக்குத்தான் வசதி. கேட்காதவன் பங்கையும் சேர்த்து அவன் எடுத்துக்கொள்வான். அடுக்குமாடிகளின் கீழே பூட்டுடன் கூடிய மின்னேற்று முனைகள் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு நிலையான தள்ளுபடி வேண்டும். பள்ளி வேனுக்குக் கடன் வேண்டும். பட்டறைக்காரருக்குப் பயிற்சி வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் பள்ளி நிகழ்ச்சிக்கு வரும்போது பொன்னாடையோடு இதையும் எழுதிக் கையில் கொடுங்கள்.

பள்ளியின் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் இரண்டு மின்செருகிகள் பொருத்தலாம் என்றொரு யோசனையை எங்கள் சங்கக் கூட்டத்தில் வைக்க இருக்கிறேன். செலவு எவ்வளவு என்று மின்பணியாளர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் கணக்குக் கொடுத்ததும் இங்கே எழுதுகிறேன்; உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்.