வக்கீலிடம் சொன்ன ரகசியம் வெளியே போனால்?

கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பேரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதற்காக பாங்க் பாஸ் புத்தகம், ஆதார், வீட்டுப் பத்திரம், பிரசவ காலத்து மருத்துவச் சீட்டுகள் என்று எல்லாவற்றின் நகலையும் வக்கீல் ஆபீஸில் கொடுத்திருந்தார். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரோ வெளியிலிருந்து புகுந்து, கட்சிக்காரர்களின் ஃபைல்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். குமாஸ்தா போனில் சொன்னதோடு சரி. போய்க் கேட்டால், "ஒண்ணும் ஆகாதும்மா, நீங்க கவலைப்படாதீங்க" என்கிறார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஆட்கள் போன் செய்து, "உங்க கேஸ் கட்டு எங்ககிட்டே இருக்கு" என்று மிரட்டுகிறார்கள். "வக்கீல் மேலேயே நான் கேஸ் போட முடியுமா? யார்கிட்டே போய்ச் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும், சகோதரி. ஆனால் எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு தட்ட வேண்டும். பணம் கிடைக்கிற கதவு வேறு, தண்டனை கிடைக்கிற கதவு வேறு. இது தெரியாமல்தான் நம்மில் பலர் நடையாய் நடந்து சலித்துப்போகிறோம்.

ரகசியம் யாருடையது?

நீங்கள் வக்கீலிடம் சொன்னதும் கொடுத்ததும் உங்கள் சொத்து மாதிரி. உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அதை வெளியிடக்கூடாது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132-வது பிரிவாக இருக்கிறது. வக்கீலுக்கு மட்டுமல்ல, அவருடைய குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் அது பொருந்தும். வழக்கு முடிந்து, வக்கீலை மாற்றிவிட்டாலும் இந்தக் கடமை முடிவதில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வக்கீலோ குமாஸ்தாவோ வேண்டுமென்றே சொன்னால் அது துரோகம். பூட்டாமல் கொள்ளாமல் போட்டுவைத்ததால் போனால் அது அஜாக்கிரதை. ஒழுங்காகப் பூட்டியிருந்தும் திருடன் உடைத்தான் என்றால் குற்றவாளி திருடன்தான். உங்கள் விஷயத்தில் நடந்தது எது என்பதைப் பொறுத்தே வழி அமையும்.

முதலில் வீட்டைப் பூட்டுங்கள்

கேஸ் போடுவது அப்புறம். பாங்குக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, ஏ.டி.எம். கார்டையும் இணையதள ரகசியச் சொல்லையும் மாற்றுங்கள். ஆதாரில் கைரேகையைப் பூட்டிவைக்க வசதி இருக்கிறது; 1947 என்ற எண்ணில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் பேரில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க, கடன் தகவல் நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு முறை இலவச அறிக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பத்திர நகல் போயிருப்பதால், சில மாதத்துக்கு ஒரு தடவை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான். அவன் அனுப்பிய செய்திகளை, "சனியன் ஒழியட்டும்" என்று அழித்துவிடாதீர்கள். அவைதான் உங்கள் சாட்சி. தேதி, நேரம், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பாங்குக்குப் போன ஆட்டோ செலவு முதல் எல்லா ரசீதும் ஒரு கவரில் இருக்கட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, வக்கீலுக்கு ஒரு கடிதம். சண்டை போடும் தொனி வேண்டாம். என்றைக்கு நடந்தது, என்னுடைய எந்தெந்தக் காகிதம் போனது, போலீஸில் புகார் கொடுத்தீர்களா, செர்ட்-இன் என்ற மத்திய அமைப்புக்குத் தெரிவித்தீர்களா, இனி என்ன பாதுகாப்புச் செய்திருக்கிறீர்கள் என்று ஐந்தே கேள்வி. (இப்படிப்பட்ட ஊடுருவல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது.) ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வந்தாலும் அது சாட்சி, வராவிட்டாலும் சாட்சி.

எந்தக் கதவில் என்ன கிடைக்கும்?

போலீஸ்: பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. மிரட்டிப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் குற்றம். கம்ப்யூட்டரில் புகுந்து திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் வரும். ஆபீஸ் ஆளே ஆதாயத்துக்காக விற்றிருந்தால் அதே சட்டத்தின் 72ஏ பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை. இங்கே கிடைப்பது குற்றவாளிக்குத் தண்டனை.

மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர்: இந்தக் கதவு இருப்பது பலருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 43ஏ பிரிவு, பாதுகாப்பில் அஜாக்கிரதையாக இருந்து நஷ்டம் உண்டாக்கியவர் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. கம்பெனிதான் என்றில்லை, தொழில் நடத்தும் கூட்டு நிறுவனமும் தனி ஆள் நிறுவனமும் அதில் அடங்கும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை இந்தச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை இது. 2010-ல் தமிழ்நாட்டுச் செயலர், போலி ஈமெயிலால் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்குச் சுமார் 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி ஒரு பாங்குக்கு உத்தரவு போட்டார். பாங்க் கணக்கு விவரமும் மருத்துவ விவரமும் 43ஏ பாதுகாக்கும் பட்டியலில் இருக்கின்றன. வெறும் விலாசமும் போன் நம்பரும் இல்லை. நஷ்டத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். ரசீதுக் கவர் எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

பார் கவுன்சில்: வக்கீலின் நடத்தை மீது புகார் கொடுக்கும் இடம். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1961-ம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவின்படி, தவறு நிரூபணமானால் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தலாம், பட்டியலிலிருந்து பேரையே நீக்கலாம். உங்களுக்கு நஷ்ட ஈடு இங்கே கிடைக்காது. வேண்டுமென்றே துரோகம் செய்தவருக்கு ஏற்ற கதவு இது; திருட்டுக் கொடுத்துவிட்டுத் தானும் தவிக்கிற வக்கீல் மேல் இங்கே போவதில் பெரிய பலன் இராது.

சிவில் கோர்ட்: வக்கீல் என்பதற்காக மட்டும் ஒருவர் அஜாக்கிரதைக்குப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 1926-லேயே ஒரு சட்டம் சொல்லிவிட்டது. ஆகவே நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம். விவரங்களை வெளியிடாதே என்று தடை உத்தரவும் இங்கேதான் கேட்க வேண்டும். பொதுவாக மூன்று வருஷக் கெடு. சில வகை வழக்குக்கு ஒரே வருஷம். ஆகையால் ஆறப்போடாதீர்கள்.

நுகர்வோர் கோர்ட்: இந்தக் கதவு மூடிவிட்டது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே 14 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. யாராவது "அங்கே போட்டுக் கொடுக்கிறேன்" என்று ஃபீஸ் கேட்டால் ஏமாறாதீர்கள்.

புதுச் சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரம் தர வேண்டும், பாதுகாப்பில் குறை வைத்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் 2025 நவம்பர் அறிவிப்பின்படி இந்தக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலாகும். இன்னொன்று: அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. அதைவிட முக்கியம், இந்தப் பிரிவுகள் அமலாகும் அன்றே மேலே சொன்ன 43ஏ நீங்கிவிடும். அதனால் அந்தக் கதவைத் தட்ட நினைக்கிறவர்கள் நாள் கடத்தக்கூடாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 2023-ல் ஆரிக் என்ற பெரிய சட்ட நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் திருடர்கள் புகுந்து, 6 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தகவல் திருட்டுக்கு ஆளான கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்வதே அந்த நிறுவனத்தின் தொழில்களில் ஒன்று! கண் இன்ஷூரன்ஸ், பல் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தவர்களின் விவரங்கள் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அவர்கள் அந்த ஆபீஸ் வாசற்படியை மிதித்தவர்கள்கூட அல்ல. எல்லோருக்குமாகச் சேர்த்துச் சிலர் வழக்குப் போட, நிறுவனம் 2024-ல் 80 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கேயும் செலவுக்கும் நஷ்டத்துக்கும் ஆதாரம் காட்டியவர்களுக்குத்தான் பங்கு கூடுதல். நம் ஊரில் அப்படி எல்லோருக்கும் சேர்த்து வருகிற பணம் பெரும்பாலும் இல்லை. அவரவர் கேட்டால்தான் உண்டு.

கட்டு திரும்ப வேண்டுமா?

நம்பிக்கை போய்விட்டால் வேறு வக்கீலை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. "ஃபீஸ் பாக்கியைக் கொடுத்துட்டுக் கட்டை எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லக்கூடாது. ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2000-த்தில் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

புது வக்கீலிடம் கொடுக்கும்போது அசலைக் கொடுக்காமல், வழக்குக்கு வேண்டிய நகலை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு நகலிலும் "இன்ன வழக்குக்காக மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வழக்கு முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

"இவ்வளவுக்கும் பணத்துக்கு எங்கே போவேன்?" என்று மலைக்காதீர்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். ஏழை பணக்காரி பேதம் அங்கே இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். போனில் கேட்க 15100. போகும்போது அந்த நோட்டையும் ரசீதுக் கவரையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.