ஹோல்ஸ்ட்டின் இசையை வளர்த்தது வகுப்பறைதான்

இங்கிலாந்தின் இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே படைப்பில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. செவ்வாய் முதல் நெப்டியூன் வரை ஏழு கோள்களுக்கு ஏழு பகுதிகளாக அவர் எழுதிய 'தி பிளானட்ஸ்' இன்றும் உலகமெங்கும் அரங்கு நிறைக்கிறது. ஆனால் 1874-ல் செல்டன்ஹாமில் பிறந்து 1934-ல் மறைந்த இந்த மனிதர், தன் உழைக்கும் வாழ்வின் பெரும்பகுதியைப் பாடம் நடத்துவதில்தான் செலவிட்டார். வயிற்றுப்பாட்டுக்கான வேலை ஒரு மேதையை விழுங்கிவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. அந்த இரக்கம் ஹோல்ஸ்ட்டுக்குத் தேவையில்லை. அவருடைய இசையில் நாம் வியப்பவற்றில் கணிசமான பங்கு வகுப்பறையில் விளைந்தது.

பியானோ கலைஞராக வேண்டும் என்பதே இளமையில் அவருடைய கனவு. வலது கையைப் பீடித்த நரம்பு வலி அதைக் கலைத்தது. ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்தவர் டிராம்போனைக் கையில் எடுத்து, நாடகக் குழுக்களிலும் ஆர்கெஸ்ட்ராக்களிலும் வாசித்துப் பிழைத்தார். எந்த வாத்தியம் எந்த இடத்தில் துலங்கும், எங்கே அமுங்கிப்போகும் என்பதை வாசிப்பவர்களின் நடுவே உட்கார்ந்தே அவர் கற்றார். 1905-ல் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் உள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் இசைத் துறைத் தலைவரானார். 1907 முதல், உழைக்கும் மக்கள் மாலை நேரத்தில் படித்த மோர்லி கல்லூரியிலும் இசைப் பொறுப்பை ஏற்றார். இங்கே அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஆனாலும் 1911-ல் பழைய ஆங்கில இசையமைப்பாளர் பர்செல்லின் 'ஃபேரி குவீன்' இசையை, அது எழுதப்பட்டு இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த மோர்லி மாணவர்களை வைத்தே அவர் மேடையேற்றினார். அவரவர் பகுதிக்கான இசைக்குறிப்பைக் கையால் படியெடுத்துக் கொடுத்தவர்களும் அந்த மாணவர்களே.

பள்ளி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது மட்டுமல்ல, கொடுத்ததும் உண்டு. 1913-ல் திறக்கப்பட்ட புதிய இசைக் கட்டடத்தில், வெளிச்சத்தம் புகாத அறை ஒன்றை அவருக்கு ஒதுக்கியது. அதற்கு நன்றியாக மாணவிகளின் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியதே 'செயின்ட் பால்ஸ் சூட்'. அதன் கடைசிப் பகுதியில் ஒரு நாட்டுப்புற ஆட்ட மெட்டு ஓயாமல் சுழன்றுகொண்டிருக்க, அடியில் செல்லோக்கள் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய பாடலை நிதானமாக நுழைக்கின்றன. வேகம் வேறு, அளவு வேறு. இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் சேர்ந்து நடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வாசிக்க எழுதிய இசையில் இத்தனை நுட்பமான கட்டுமானம். தொழில்முறைக் குழுக்கள் அதை இன்றும் விரும்பி வாசிப்பதில் வியப்பில்லை.

பெரும்பாலும் அதே அறையில்தான் 1914 முதல் 1917 வரை 'பிளானட்ஸ்' உருவானது. கை ஒத்துழைக்காத நிலையில், அந்தப் பிரம்மாண்டமான இசைக்குறிப்பை அவர் சொல்லச் சொல்ல எழுத உதவியவர்கள் அதே பள்ளியின் ஆசிரியைகளான வாலி லாஸ்கரும் நோரா டேயும். 1918 செப்டம்பர் 29-ல் லண்டன் குவீன்ஸ் ஹாலில், நண்பர் பால்ஃபர் கார்டினரின் செலவில், இசை நடத்துநர் ஏட்ரியன் போல்ட் அதை முதன்முதலாக நடத்தினார். நெப்டியூன் பகுதியில் பாடிய பெண்குரல்கள் ஹோல்ஸ்ட்டின் மாணவிகளுடையவை. அந்தக் குரல்களுக்குச் சொற்கள் இல்லை. பாடுவோரும் கண்ணில் படுவதில்லை. பக்கத்து அறையில் நின்று அவர்கள் பாட, கதவு மெல்ல மெல்லச் சாத்தப்படுகிறது. ஒலி தேய்ந்து தேய்ந்து மறைகிறது. அவர் சமஸ்கிருதம் பயின்று, மகாபாரதக் கதையை வைத்து 1908-ல் எழுதிய 'சாவித்ரி' ஓபராவிலும் மறைவிலிருந்து வரும் சொல்லற்ற பெண்குரல்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் பெண்களைப் பாடப் பழக்கியவருக்குத்தான் அந்தக் குரல்களிடம் இதைத் துணிந்து கேட்கத் தோன்றும்.

நேரம் போய்விட்டதே என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான். ஓய்வு நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும்தான் அவரால் எழுத முடிந்தது. 'பிளானட்ஸ்' ஆண்டுகளை விழுங்கியதற்கு அதுவே காரணம். செவ்வாய்ப் பகுதியில் வயலின் தந்திகளை வில்லின் மரக்கட்டையால் தட்டி, ஐந்தடித் தாளத்தில் எழுப்பும் அந்தப் போர் முழக்கத்துக்கும் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்பது இரண்டாவது. தொடர்பு இல்லைதான், அது டிராம்போன் வாசித்த நாட்களில் பெற்ற பாடம். ஆனால் குறைந்த கருவிகளைக் கொண்டு தெளிவாகப் பேசும் சிக்கனம், திறமை குறைந்தவர்களோடும் இசை செய்து பழகியவருக்கே கைவரும். அது வெறும் நிர்ப்பந்தம் என்றால், சுமை குறைந்ததும் மறைந்திருக்க வேண்டும். 1920-களின் நடுவில், உடல்நலம் கெட்டு அவர் பெரும்பாலான வகுப்புகளை விட்டார். அதன் பிறகு 1927-ல் எழுதிய 'எக்டன் ஹீத்' அவருடைய இசையிலேயே மிகவும் சிக்கனமானது. தன் சிறந்த படைப்பாக அவர் மதித்ததும் அதைத்தான்.

கலைஞனுக்கு வறுமை நல்லது என்று நான் வாதிடவில்லை. ஒரு நண்பரின் பணம் இல்லாவிட்டால் அந்த முதல் அரங்கேற்றம் அப்போது நடந்திருக்காது. ஆசிரியருக்கு ஓர் அறையும், ஒரு குழுவும், விடுமுறையும் கிடைத்தால் பள்ளி எதைச் சாதிக்கும் என்பதே இங்குள்ள பாடம். 'பிளானட்ஸ்' கேட்டவர்கள் அடுத்து 'செயின்ட் பால்ஸ் சூட்'டையும் கேட்க வேண்டும். இரண்டையும் எழுதியது ஒரே ஆசிரியரின் கை என்பது காதுக்கே புலப்படும். உலகப் புகழ் வந்த பிறகும், மற்ற பணிகளை எல்லாம் குறைத்துக்கொண்ட பிறகும், அந்தப் பள்ளிப் பொறுப்பை மட்டும் ஹோல்ஸ்ட் சாகும்வரை விடவில்லை.